வடக்குப் பாறைக்குழி

வால்பாறை
8-12-2024

லோகா,

என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். அதனால் இந்தக் கடிதம். உன் ஆர்.எஸ்.புரம் முகவரி எனக்கு மனப்பாடம். உன் இயற்கைச் சுற்றுலா முகாமிலிருந்து போன ஒவ்வொரு பார்சலிலும் நான்கு வருடமாக அனுப்புநர் முகவரியை எழுதியது என் கைதானே.

சண்டை போடுவதற்காக எழுதவில்லை என்று ஆரம்பிக்க நினைத்தேன். பொய். சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

நேற்று இங்கே டீக்கடையில் வடை மடித்துத் தந்த தாளில் உன் படம். 'கொம்பன் ஆந்தையை மீட்டெடுத்த கோவைப் பெண்' என்று தலைப்பு. தெற்குப் பாறைக்குழியின் விளிம்பில் நிற்கிறாய். கழுத்தில் நான் திருப்பிக் கொடுத்த பைனாகுலர். "ஒரு மாலை தனியாக நடந்துகொண்டிருந்தேன். கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பிலிருந்து இரண்டு ஆரஞ்சுக் கண்கள் என்னைப் பார்த்தன" என்று பேட்டி கொடுத்திருக்கிறாய். தாள் எண்ணெயில் ஊறியிருந்தது. இருந்தாலும் கடைசி எழுத்துவரை படித்தேன்.

லோகா, அந்த மாலை நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். பார்த்தவள் நான். உன்னிடம் சொல்ல ஓடி வந்தேன். வாசலில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். அதனால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையைச் சுற்றி வந்து உன் அறைச் சன்னலைத் தட்டினேன். "கொம்பன்டி!" என்றேன். "யானையா?" என்று பதறி எழுந்து உட்கார்ந்தாய். இதுதான் நீ ஆந்தையைக் கண்டுபிடித்த கதை.

அந்த ஆந்தைக்காக விருது வாங்கிய மேடையில் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "எங்கள் உள்ளூர் உதவியாளர் மதிக்கும் நன்றி." உதவியாளர். நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் விலங்கியல் முதுகலை படித்தோம். உன்னைவிட எனக்கு நான்கு மதிப்பெண் அதிகம். கடைசி வரிசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். சமையல்காரருக்குத் தட்டுவார்களே, அப்படி. அன்றைக்கே பைனாகுலரை உன்னிடம் சேர்க்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன்.

இங்கே இருவாச்சிப் பறவைக் கணக்கெடுப்பில் வேலை. அட்டை கடிக்கிறது, துணி காய்வதில்லை. ஆனால் தாளின் அடியில் 'கண்டவர்' என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதுகிறேன்.

மதிவதனி


ஆர்.எஸ்.புரம், கோவை
17-12-2024

மதி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. இரண்டாவது முறை கோபம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீ சொல்வது சரி. நான் காய்ச்சலில்தான் படுத்திருந்தேன். பேட்டியில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவே இல்லையே.

காரைக்காட்டுப்புதூர் முகாமை ஆரம்பித்தது நான். கல்குவாரிக் குத்தகை முடிந்ததும் அந்த நிலத்தைச் செங்கல் சூளைக்குக் கொடுக்க இருந்தார் அப்பா. எட்டு மாதம் அவரோடு சண்டை போட்டு வாங்கினேன். சத்தியமங்கலம் சாலையில் எத்தனை ரிசார்ட்டில் பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்கு நடுவில் ஒரு நாளைக்கு ஒரு ஜீப், பன்னிரண்டு பேர், பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, ஆறு மணிக்கு மேல் விளக்கு கிடையாது என்று நடத்துகிறேன். விதி எல்லாம் என்னுடையது. ஆனால் வருகிறவர்கள் ஜீப்பை விட்டு இறங்கியதும் என்ன கேட்கிறார்கள்? "மதி இருக்காங்களா?"

நேற்று வருகைப் பதிவேட்டை எடுத்து எண்ணினேன். உன் பெயர் நூற்றுத் தொண்ணூறு இடத்தில். என் பெயர் ஏழு இடத்தில். அந்த ஏழில் நாலு, வெந்நீர் தாமதமானதைப் பற்றியது.

நான் அந்த ஆந்தையை மொத்தம் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் நீ என் தலையைப் பிடித்துத் திருப்பினாய். "அங்க பாரு. அதில்லடி, அதுக்குக் கீழ. கல்லு மாதிரி ஒண்ணு இருக்குதுல்ல, அதேதான்." என் நிலம், என் பாறை. எனக்கு மட்டும் அது கல்லாகவே தெரிகிறது. உன் கண்ணை நினைத்தால் எனக்கு எரியும், மதி. இன்று நேற்றல்ல, சிங்காநல்லூர் குளத்துக்கு வகுப்போடு பறவை கணக்கெடுக்கப் போன நாளிலிருந்து. என் கழுத்தில் பைனாகுலர் இருந்தது, உன் கையில் ஒரு நோட்டு. நீ அறுபத்திரண்டு வகை எழுதினாய். நான் பத்தொன்பது. சசிதர்கூட, கட்டிய கணவன், "மதி இருந்தா ஒரு குருவியாவது பாத்திருப்போம்" என்கிறான்.

துடியலூரிலிருந்து அக்ஷயா என்ற பெண்ணைப் புது வழிகாட்டியாக எடுத்திருக்கிறேன். கெட்டிக்காரி. நீ போனதிலிருந்து தெற்குக் குழியில் ஆந்தை கக்கிப்போடும் உருண்டைகளே கிடைப்பதில்லை என்கிறாள். எலி எலும்பும் மயிருமாக வாரம் பத்துப் பன்னிரண்டு கிடக்குமே, விருந்தாளிகள் இடுக்கியால் பிரித்து மண்டையோடு எண்ணுவார்களே, அது. இப்போது ஒன்றுகூட இல்லை. ஆந்தைக்குக்கூட உன்னைத்தான் பிடிக்குமா?

பைனாகுலர் அப்போதே வந்து சேர்ந்தது. இடது பக்க லென்ஸ் மூடியைக் காணோம். எங்கே?

லோகப்பிரியா


வால்பாறை
29-12-2024

லோகா,

'என் நிலம், என் பாறை' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

உன் கண் எதற்கு எரிகிறது என்று சொல்லிவிட்டாய். என் கண் எதற்கு எரிகிறது என்று கேள். கல்லூரியில் நீ எனக்கு லோகா. விடுதியில் ஒரே தட்டில் தின்றோம். ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நீ அம்மணி. "அம்மணிங்க, ஜீப் வந்துருச்சுங்க" என்று உன் அப்பா காதில் விழும்படி நான் சொல்ல வேண்டும். நான்கு வருடத்தில் ஒரு நாளாவது, "பேர் சொல்லிக் கூப்பிடுடி" என்று அவர் முன்னால் நீ சொன்னதுண்டா?

பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் என் அம்மா கிண்டிய களியையும் கொள்ளுப் பருப்பையும் விரலை நக்கிச் சாப்பிட்டுவிட்டு, 'அசல் கொங்கு விருந்து' என்று படம் போடுகிறார்கள். அதே அம்மா இருபத்தாறு வருடமாக உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறாள். உங்கள் வீட்டுச் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. முகாமின் சமையல் கூடம் வேறு, வீட்டுச் சமையலறை வேறு. அது உன் அப்பா போட்ட விதி. அதைப் பலகையில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

உன் பலகையில் பதினான்கு விதி இருக்கிறது. உரக்கப் பேசக் கூடாது. தீனி போடக் கூடாது. கூட்டுக்கு நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆந்தையிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று உனக்கு அளவு தெரியும். எங்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று உன் அப்பாவுக்குத் தெரியும்.

உருண்டை ஏன் கிடைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். உன் கெட்டிக்கார அக்ஷயா கண்டுபிடிக்கட்டும்.

லென்ஸ் மூடி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மதிவதனி


ஆர்.எஸ்.புரம், கோவை
8-1-2025

மதி,

நீ எழுதியதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. மீதிக்கு இருக்கிறது, சொன்னால் உனக்கு இன்னும் கோபம் வரும். விடு.

ஒரு செய்தி. உனக்கு வயிறு எரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. வடக்குப் பாறைக்குழியில் அரங்கம் கட்டப் போகிறேன். பாறையையே படியாக வெட்டி நூறு பேர் உட்காரலாம். கீழே மேடை. காட்டைப் பற்றிப் பேச்சு, படக்காட்சி, பள்ளிக் குழந்தைகளுக்கு முகாம். ஆந்தையைப் பார்க்காமல் முகம் சுருங்கித் திரும்புகிறவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. மார்ச் மாதம் திறப்பு. விருதுக் குழுவே வருகிறது.

கூட்டுக்குப் பக்கத்தில் இரைச்சலா என்று நீ குதிப்பாய். அதனால்தான் தெற்குக் குழியை நான் தொடவே இல்லை. அங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டோம். வடக்கைத் தேர்ந்தெடுத்ததே உன் தாளை வைத்துத்தான். போன வருடம் நீ எழுதிக் கையெழுத்துப் போட்ட கணக்கெடுப்பு: 'வடக்குப் பாறைக்குழி: மைனா, பனங்காடை, கீரி. குறிப்பிடும்படி வேறு எதுவும் இல்லை.' அப்பாவிடமும் அதைத்தான் காட்டினேன். "மாசாணி மவ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றார். உன்னைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவும் எனக்கு எரிந்தது. நான் எழுதிய எதையும் அவர் வாங்கிப் படித்ததில்லை.

பொங்கல் கழிந்ததும் ஜேசிபி வருகிறது. பார், நீ இல்லாமலும் நடக்கும்.

லோகப்பிரியா


வால்பாறை
16-1-2025

லோகா,

வடக்குக் குழியைத் தொடாதே. காரணம் கேட்காதே. நான்கு வருடம் நான் கை காட்டிய பக்கமெல்லாம் பார்த்தாயே, இந்த ஒரு தடவையும் கேள்.

உனக்கு எதற்கு அரங்கம்? 'உரக்கப் பேசக் கூடாது' என்று பலகை வைத்தவள் நூறு பேர் கை தட்டுவதற்காகப் பாறையை வெட்டுகிறாள். உனக்கு ஆந்தை தேவையில்லை. மேடைதான் தேவை. ஒரு மேடையில் ஏறிப் பழகிவிட்டாய், இனி வீட்டுக்கே ஒன்று வேண்டும்.

காரணம் தெரிய வேண்டுமானால் வா. மலை ஏறி வால்பாறைக்கு வா. என் முன்னால் நின்று, "மதி, எனக்குத் தெரியலை, சொல்லுடி" என்று கேள். அப்போது சொல்கிறேன்.

மதிவதனி


ஆர்.எஸ்.புரம், கோவை
24-1-2025

மதி,

நான் வந்து கெஞ்ச வேண்டுமா? செய்யாதே, கேட்காதே, காரணம் சொல்ல மாட்டேன். இப்படித்தான் அப்பாவும் பேசுவார். நீ இல்லாமல் நான் ஒரு காரியம் செய்வது உனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் உன் காரணம். எனக்கு அந்த நோய் நன்றாகத் தெரியும், நானும் படுத்துக் கிடந்தவள்தானே.

ஜேசிபி இருபத்திரண்டாம் தேதி வந்தது. குழிக்குள் இறங்கச் சரிவுப் பாதை வெட்ட ஆரம்பித்தோம். அன்று நடந்ததை உன்னிடம் நானே சொல்லிவிட வேண்டும், வேறு யாராவது சொல்வதற்கு முன்.

உன் அம்மா சமையல் கூடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஜேசிபி முன்னால் நின்றுவிட்டார். "சின்னம்மணிங்க, அந்தப் பக்கம் வேண்டாமுங்க."

"ஏனுங்க மாசாணிம்மா?"

"வேண்டாமுங்க. அவ்வளவுதானுங்க."

அப்பா காரை விட்டு இறங்கி வந்தார். "என்ன மாசாணி, உன்ற மவ போன்ல சொல்லிக் குடுத்தாளா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்கு மறிச்சுட்டு நிக்கறே?"

 உன் அம்மா தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். ஜேசிபி ஓட்டும் ராசப்பன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஒரு பீடி குடித்து முடித்தார், அதுவரை நின்றார். அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாளையிலிருந்து சமையலுக்கு வேற ஆளப் பாத்துக்க அம்மணி."

நான் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் படிக்காதே, நானே எழுதுகிறேன்: நான் எதுவும் சொல்லவில்லை.

உனக்காக ஜேசிபி முன்னால் நிற்க ஒருத்தி இருக்கிறாள். எனக்காக எங்கள் அம்மா ஒரு சைக்கிளைக்கூட மறித்ததில்லை. அன்று முழுவதும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க வேண்டியது வேறு என்று தெரிந்தும்.

லோகா


வால்பாறை
28-1-2025

லோகா,

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் பேசினேன். சாப்பிட்டாயா, கம்பளி போதுமா என்று கேட்டாள். வேலை போனதைச் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்று மூன்று பேருடைய போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். தெரியாத எண்ணை நீ எடுப்பதில்லை. அம்மாவை அனுப்பினால் உன் அப்பா மறுபடியும் விரட்டுவார். எங்கள் ஜீப் ஓட்டும் ஜாவித் அண்ணன் இன்னும் ஒரு மணி நேரத்தில் கோவைக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த உடனே ஜேசிபியை நிறுத்து. மீதியைப் பிறகு படி.

கொம்பன் ஆந்தை வடக்குக் குழியில்தான் இருக்கிறது. இது மூன்றாவது வருடம். தெற்குக் குழி காலி.

2022இல் உன் விருந்தாளி மனோஜ்குமார், பெரிய லென்ஸ் வைத்திருந்தானே, பறக்கும் படம் வேண்டும் என்று நான் இல்லாத நேரத்தில் கூட்டின் மேல் கல் விட்டெறிந்தான். மூன்று நாள் விடாமல். நான்காம் நாள் முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. உனக்குக்கூட நான் சொல்லவில்லை. குஞ்சு பறந்துவிட்டது என்று சொன்னேன். அடுத்த வருடம் அந்த ஜோடி வடக்கே போய்விட்டது. ஆண் மட்டும் எப்போதாவது தெற்கில் வந்து உட்காரும். உன் விருந்தாளிகளுக்கு அது போதுமாக இருந்தது. மற்ற நாளெல்லாம் வடக்கில் விழுந்த உருண்டைகளை நான் பையில் பொறுக்கி வந்து தெற்கில் பரப்பினேன். விடிந்ததும், நீ எழுவதற்கு முன். உன் விருது அந்தப் பையிலிருந்து வந்தது. கணக்கெடுப்புத் தாளில் 'வேறு எதுவும் இல்லை' என்று எழுதியதும் அதற்காகத்தான்.

ஆந்தையைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முதல் வருடம் அது உண்மை. பிறகு இல்லை. அது உட்காரும் விளிம்பு என் அப்பா வேலுமணி வெட்டியது. உன் அப்பாவின் குவாரிக்காக, கயிற்றில் தொங்கிக்கொண்டு. அந்தத் தூசிதான் அவர் நெஞ்சில் இறங்கி ஐம்பது வயதுக்குள் கொண்டுபோனது. உன் நிலத்தில், நீ பார்க்க முடியாத ஒன்று எனக்கென்று இருந்தது, லோகா. விருந்தாளிகள் முன்னால் அம்மணிங்க என்று சொல்லும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன். இனிக்கும்.

பதினாறாம் தேதியே இதை எழுதியிருக்கலாம். அப்போதே எல்லாம் தெரியும். அடைகாக்கிறது என்று அம்மா பொங்கலன்றே சொல்லிவிட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அதனால்தான் உன் அப்பா முன்னால் வாயைத் திறக்காமல் நின்று வேலையைத் தொலைத்தாள். நான் எழுதவில்லை. நீ வந்து கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பார்க்கப் போனால் குழிக்குள் இறங்காதே. மேலே விளிம்பிலும் நிற்காதே. தொந்தரவு இல்லாமல் பார்க்க ஒரே இடம்தான் இருக்கிறது. எங்கள் காலனியில் கடைசி வீடு, அதன் சமையலறைச் சன்னல். அங்கிருந்து நேராகத் தெரியும். எங்கள் வீடுதான். காலனியில் எல்லோருக்கும் அந்த ஆந்தை தெரியும். உங்களில் யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.

நான்கு வருடத்தில் ஒரு தடவை என் வீட்டுக்கு வந்திருந்தால் நீயே பார்த்திருப்பாய். யாரும் உன் தலையைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்திருக்காது.

ஜாவித் அண்ணன் ஹாரன் அடிக்கிறார்.

மதி


காரைக்காட்டுப்புதூர்
11-2-2025

மதி,

ஜாவித் அன்று இரவே ஆர்.எஸ்.புரத்தில் வாட்ச்மேனிடம் கடிதத்தைக் கொடுத்திருக்கிறார். நான் முகாமில் இருந்தேன். முப்பத்தொன்றாம் தேதி சசிதர் கொண்டுவந்தான். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு ஓடினேன். ராசப்பன் ஜேசிபியை நிழலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, வேலை நடக்கலீங்களா?"

"நேத்தே நிறுத்திப்போட்டேனுங்க அம்மணி. மேல ஒரு கோட்டான் உக்காந்துட்டு என்னையே மொறைக்குது. ஊட்டுல புள்ளை பெத்தவ இருக்கறா. நா அந்தப் பக்கம் பக்கெட்டைத் தூக்க மாட்டேனுங்க. ஐயாகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க."

நாமிரண்டு பேரும் படித்தவர்கள், மதி. நிறுத்தியது அவர்.

பிறகு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்கு நான் வந்ததே இல்லை என்பது, எது உன் வீடு என்று ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்டபோதுதான் உறைத்தது. "மதியக்கா ஊடா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உன் அம்மா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல், "தலையக் குனிஞ்சு வாங்க சின்னம்மணி, வாசப்படி தாழ்வுங்க" என்றார். டீ போட்டார். சில்வர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "குடிப்பீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னோடு வெகுநாள் இருக்கும்.

சன்னல் பக்கத்து அரிசி டிரம் மேல் உட்கார்ந்தேன். நேரே பாறை. ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். டீயைக் குடித்து முடித்தேன். வெயில் இறங்கியது. முக்கால் மணி நேரம் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல் கண்ணை மூடித் திறந்தது.

நான் கத்தவில்லை. உன் அம்மாதான் திரும்பிப் பார்த்து, "கெடைச்சுதுங்களா?" என்றார்.

இனி எழுத வேண்டியது. விளிம்பின் கிழக்கு முனை சரிந்திருந்தது. ஜேசிபியின் அதிர்வில் இருபத்தொன்பதாம் தேதி விழுந்தது என்று ராசப்பன் சொன்னார். கற்களுக்கு நடுவே உடைந்த வெள்ளை ஓடு. இரண்டு முட்டையுடையது. எட்டு நாள் கழித்துத் தாய் கொஞ்சம் நகர்ந்தபோது அதன் வயிற்றடியில் பஞ்சு மாதிரி ஒரு தலை தெரிந்தது. ஒன்றுதான். போன வருடம் மூன்று என்று உன் அம்மா சொன்னார்.

அப்பாவிடம் பாறையில் வெடிப்பு இருக்கிறது, அரங்கம் வேண்டாம் என்றேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காலனிக்குள்ள போய் டீ குடிச்சயாமா?" என்றார். "ஆமாங்கப்பா" என்றேன். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

விருதுக் குழுவுக்கு எழுதிவிட்டேன்: 'எங்கள் தடத்தில் கொம்பன் ஆந்தை இல்லை. இருப்பதாகச் சொன்னது தவறு. முதலில் அதைக் கண்டவளும் நானல்ல, மதிவதனி.' இடத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. விருதைத் திருப்பி அனுப்பினேன். மார்ச் வரைக்கும் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் விலகிவிட்டார்கள். ஆந்தை இல்லை என்று ஊரே நம்புகிறது. உன் பையைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

உன் அம்மாவை மறுபடி வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். "பாக்கலாமுங்க" என்றார். இன்னும் வரவில்லை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குங்க சின்னம்மணி" என்று சிரித்தார்.

தினமும் போகிறேன். டீ இருக்கிறது.

லோகா


18-2-2025

லோகா,

இரண்டு முட்டை. ஒன்று உன் மேடைக்கு. இன்னொன்று நான் எழுதாமல் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு நாளுக்கு. இதில் நீ பாதி நான் பாதி என்று ஆறுதல் சொல்லி எழுதாதே. எனக்குப் பங்கு போடத் தெரியும்.

செய்தித்தாள் இங்கேயும் வந்தது. 'இல்லாத ஆந்தைக்கு விருது' என்று தலைப்பு. கடைசிப் பத்தியில் என் பெயர், அதுவும் மதிவாணி என்று. நான்கு வருடம் கழித்துக் கிடைத்த பெயர், இல்லாத ஆந்தையை முதலில் கண்டவள். சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட வேலை செய்கிறவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

நீ அப்பாவிடம் 'ஆமாங்கப்பா' என்று சொன்னதை மட்டும் இரண்டாவது தடவை படித்தேன்.

அம்மா வேலைக்கு வருவாளா என்று என்னைக் கேட்காதே. அவளிடம் நான் வாங்கிய சத்தியமே போதும். வருவதும் வராததும் அவள் பாடு. வந்தால் எந்த வாசல் வழியாக வருவாள் என்று உன் அப்பா முதலில் யோசிக்கட்டும்.

இப்போது என் வயிறு எரிகிறது. இந்த வருடக் குஞ்சை நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். நீயாகப் பார்த்தாய். நீ உட்கார்கிற அரிசி டிரம் என் இடம். அந்தச் சன்னல் கம்பியில் இடமிருந்து மூன்றாவதைப் பிடித்தால் பாறை நன்றாகத் தெரியும், அதையும் நீயே கண்டுபிடித்திருப்பாய். என் அம்மா உனக்கு டீ போடுகிறாள். எனக்கு இங்கே கேன்டீன் டீ, அதில் எப்போதும் மண்ணெண்ணெய் நாற்றம்.

உன்னை மன்னிக்கவில்லை. நீயும் அவசரப்படாதே. ஏப்ரலில் கணக்கெடுப்பு முடிகிறது. அதற்குப் பிறகு எங்கே போவேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உதவியாளராக வர மாட்டேன்.

லென்ஸ் மூடி என்னிடம்தான் இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

குஞ்சு பறக்கிற அன்றைக்கு ஒரு வரி எழுது. தேதி போடு. இடம் போடாதே.

மதி